மரவுரிக்கு விலை வந்த கதை

ஈப்போ ரயில் நிலையத்துக்கு வருகிறவர்கள் ஹப்பாக் வடிவமைத்த அந்த வெள்ளைக் கட்டடத்தைப் படம் பிடிப்பார்கள், முகப்பில் நின்று தங்களையும் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் வெள்ளைக் காப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். எதிரே பூங்காவில் நிற்கும் மரத்தை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. ஊருக்குப் பெயர் கொடுத்ததே அந்த ஈப்போ மரம்தான்.

மரத்தைப் பற்றிக் கேட்டால் ஊர்க்காரர் முதலில் சொல்வது விஷம். பொய்யில்லை. காட்டுப் பூர்வகுடி மக்கள், அதாவது ஒராங் அஸ்லி, ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவுவது இதன் பாலைத்தான். இரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும். ஆனால் ஐரோப்பியர்கள் அந்த விஷத்துக்குக் காலும் கையும் வைத்து உலகம் சுற்ற விட்டார்கள். ஜாவாவில் நிற்கும் இப்படி ஒரு மரத்தைச் சுற்றிப் பல மைல் தூரத்துக்குப் புல் பூண்டு முளைக்காது, பறவை பறக்காது என்று 1783-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் ஒரு புளுகு வெளிவந்தது. அதை நம்பியவர்கள் ஏராளம். 1828-ல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின்கூட இந்த மரத்தை வைத்துக் கவிதை எழுதினார். உண்மையில் அதன் நிழலில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது.

விஷத்தின் இரைச்சலில் அமுங்கிப்போனது அதன் பட்டை. அம்புக்குப் பால் கொடுத்த அதே மரம்தான் உடம்புக்குத் துணியும் கொடுத்தது.

இந்த இடத்தில் தமிழருக்கு ஒரு உறவு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இதே மரம் நிற்கிறது. மலையாளத்தில் இதற்கு மரவுரி என்றே ஒரு பெயர். அங்கேயும் இலங்கையிலும் இதன் தண்டைத் துண்டாக வெட்டி, பட்டையைத் தட்டித் தளர்த்தி, முழுசாக உரித்தெடுத்துத் தானியம் போட்டு வைக்கும் சாக்காக்கினார்கள். தையலே இல்லாத சாக்கு. அடிப்பக்கம் ஒரு வட்டக் கட்டையை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

நமக்கு மரவுரி என்றால் இராமாயணம் நினைவுக்கு வரும். காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கைகேயி எடுத்துக் கொடுத்த உடை. வால்மீகி சொல்கிற சீதைக்கு அதை எப்படிக் கட்டுவது என்றே தெரியவில்லை, இராமன்தான் கட்டிவிடுகிறான். நம் கதைகளில் மரவுரி ஒன்று தண்டனை, இல்லையென்றால் தவம். பேராக் காட்டில் இரண்டும் கிடையாது. அது காலையில் எழுந்தால் உடுத்தும் துணி, அவ்வளவுதான்.

அதைச் செய்யும் விதம் பார்க்க எளிது, செய்ய முதுகு ஒடியும். கிளை குறைந்த இளமரமாகப் பார்த்து வெட்ட வேண்டும். ஈப்போ கிடைக்காத இடத்தில் தெராப் மரம். அது நம் பலாவுக்குச் சொந்தம். மேல்தோலைச் சுரண்டிவிட்டுத் தண்டைச் சுற்றிலும் கட்டையால் தட்டினால் உள்பட்டை மரத்தை விட்டுக் கழன்றுவரும். அதை மடித்து ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, வரி வெட்டிய சுத்தியலால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க நார் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று பின்னி அகலும். குறுகலான பட்டை பல மடங்கு அகலத்துக்கு விரியும். நடுவே ஆற்றில் அலசிப் பாலை வெளியேற்றுவார்கள், மறுபடி அடிப்பார்கள், மறுபடி அலசுவார்கள். வெயிலில் காய்ந்த பின் ஈப்போத் துணி வெளிர் நிறமாகவும் தெராப் துணி செம்பழுப்பாகவும் இருக்கும். அதன் மேல் மஞ்சளிலும் கரியிலும் கோடும் புள்ளியும் தீட்டுவது உண்டு. நூல் இல்லை, தறி இல்லை, பாவு ஊடு எதுவும் இல்லை. மலாயாத் தீபகற்பத்தில் தோண்டியெடுத்த புதிய கற்காலப் பொருள்களுக்குள் பட்டை அடிக்கும் கல் சுத்தியல்களும் இருக்கின்றன. நெசவு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே இங்கே துணி இருந்தது என்று அவற்றை வைத்துச் சொல்லலாம்.

அப்படிப்பட்ட துணி எப்படிப் போனது? கத்தியின்றி இரத்தமின்றி, பருத்தி வந்து போனது. சோழமண்டலக் கரையிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் தீபகற்பத்துக்குத் துணி வந்து இறங்கியது. மலாய்க்காரர்கள் இன்றும் கட்டும் பெலிக்காட் கைலி பழவேற்காட்டின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. பின்னால் மான்செஸ்டர் ஆலைத் துணியும் சேர்ந்துகொண்டது. காட்டு மக்கள் பிரம்பு, தம்மார், மெழுகு முதலியவற்றைக் கொண்டுவந்து மலாய், சீன வியாபாரிகளிடம் கொடுத்து உப்பும் இரும்பும் துணியும் வாங்கிப் போனார்கள். நாள் முழுக்கப் பட்டை அடிப்பதைவிட ஒரு கட்டுப் பிரம்பு வெட்டிக் கொடுத்து ஒரு முழம் பருத்தி வாங்குவது இலேசு. பருத்தி மழையில் நனைந்தாலும் ஊறிக் கிழியாது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பழைய துணி போனதைப் பற்றி நாம் விடும் பெருமூச்சை அவர்கள் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து மரமே போனது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியவர்கள் தாழ்வான காட்டை வெட்டி உலைக்கும் சுரங்கத்துக்கும் போட்டார்கள். 1877-ல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்டுவைத்த ரப்பர் கன்றுகளின் வம்சம் இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் சுங்கை சிப்புட், கம்பார், தாப்பா, பீடோர் என்று மலையடிவாரம் எங்கும் ஏறியது. காட்டைச் சாய்த்ததில் சீன, மலாய், ஜாவாக் குத்தகைக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் எரித்த நிலத்தில் குழி தோண்டி, கன்று நட்டு, புல் வெட்டி, பால் மரமாக ஆளாக்கியது பெரும்பாலும் நம் ஆட்கள். பேராக் பூர்வகுடிகளின் பட்டைத் துணி மறைந்த கதையில் தமிழர் இரண்டு இடத்தில் வருகிறோம்: நம் கரைத் துணி ஒன்று, நம் கை வளர்த்த தோட்டம் இன்னொன்று. தோட்ட வரலாறு எழுதும்போது நம் கஷ்டத்தை எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். நமக்கு முன்னால் அந்த நிலத்தில் நடமாடியவர்களுக்கும் இரண்டு வரி ஒதுக்கினால் குறைந்துபோக மாட்டோம்.

உடுத்துவது குறைந்ததும் மரவுரி கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. 1883-ல் தொடங்கிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகம், மலாயாவிலேயே முதலாவது. அதன் காப்பாளர் லியோனார்ட் ரே காலத்திலிருந்தே காட்டுப் பொருள்களைச் சேர்த்தார்கள். அந்த அருங்காட்சியகத்துக்கு 1931-ல் கேம்பிரிட்ஜில் படித்த இளைஞர் ஒருவர் வேலைக்கு வந்தார். பெயர் எச். டி. நூன், பாட் நூன் என்பார்கள். பூர்வகுடிகளில் ஒரு பிரிவான தெமியார் மக்களோடு போய் இருந்தார், அவர்கள் மொழி பேசினார், தெமியார் பெண்ணையே மணந்தார். 1936-ல் அவர் எழுதிய அறிக்கைதான் என் கணக்கில் இந்தக் கதையின் திருப்பம். பூர்வகுடிகளுக்கு யாரும் பிடுங்க முடியாத பெரிய நில ஒதுக்கீடு வேண்டும், மாதிரிக் குடியிருப்புகள் வேண்டும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, அவர்களுடைய கைவினைகளை ஊக்கப்படுத்த வேண்டும் என்றும் அதில் எழுதினார். பிழைப்புக்கு வழியாகக் கைவினையை நினைத்துப் பார்த்த அரசுத் தாள் இந்த மாநிலத்தில் அநேகமாக அதுதான் முதலாவது. 1939-ல் பேராக்கில் பூர்வகுடிகளுக்கென்று சட்டம் வந்தது. அதில் நூன் கேட்டது எல்லாம் இல்லை. 1943-ல், ஜப்பானியர் காலத்தில், அவரே காட்டுக்குள் கொலையுண்டார். உடல் கிடைக்கவில்லை.

ஜப்பானியர் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தி வரத்து நின்ற அந்த மூன்றரை வருஷத்தில் போர்னியோவில் பலர் மரவுரிக்குத் திரும்பினார்கள். நம் தோட்டங்களிலோ சாக்கை வெட்டி உடுத்தினார்கள், ரப்பர் தகட்டைக்கூட இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பட்டை அடிக்கத் தெரிந்திருந்தால் அந்தப் பாடு இருந்திருக்காது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது நமக்குத் தெரியும். காட்டு மக்களையும் கூட்டிக்கொண்டுவந்து வேலிக்குள் அடைத்தார்கள். சமவெளி வெக்கையும் நோயும் தாங்காமல் பலர் மாண்டார்கள். அப்புறம் புத்தி வந்து, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் அமைத்தார்கள். பேராக்கில் கெமார், லெகாப் முதலியவை அப்படி வந்தவை. மருந்து, பள்ளி, கடை எல்லாம் கோட்டையைச் சுற்றி. அந்தக் கடையில்தான் காட்டுப்பொருளுக்குப் பண்டமாற்று போய்க் காசுக் கணக்கு பலருக்குப் பழகியது. எழுபதுகளின் கடைசியில் தெமெங்கோர் அணை எழுந்தபோது தெமியாரும் இன்னொரு பூர்வகுடிப் பிரிவான ஜஹாயும் மறுபடி இடம் பெயர்ந்து பானுன், கெமார் மறுகுடியிருப்புகளுக்குப் போனார்கள். 1982-ல் கெரிக்கிலிருந்து கிழக்குக் கரைக்கு நெடுஞ்சாலை திறந்தது. காட்டை இழந்தவர்களின் வாசலில் கார் ஓட ஆரம்பித்தது.

கார் ஓடினால் கடை வரும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் செமாய் மக்கள் போட்ட தட்டிக் கடைகளைப் பார்க்காதவர் பேராக்கில் இல்லை. பெத்தாய், மூங்கில் குருத்து, தேன், டுரியான் காலத்தில் டுரியான். பக்கத்தில் சுற்றுலாக்காரருக்கென்று குட்டி ஊதுகுழல், பிரம்புக் கூடை, மெங்குவாங் பை.

அந்தப் பையில்தான் பெண்கள் கதைக்குள் வருகிறார்கள். மரவுரிக்கு மரம் சாய்க்க வேண்டும், காட்டுக்குள் வெகுதூரம் போக வேண்டும். மெங்குவாங் தாழை இனம், சதுப்பிலும் ஓடை ஓரத்திலும் வளரும், பக்கக்கன்றைப் பிடுங்கிக் கொல்லையில் நட்டாலும் பிடித்துக்கொள்ளும். பாய் முடைவது என்றைக்கும் பெண்கள் கைவேலை. பட்டைத் துணி அடிக்கும் சத்தம் ஓய்ந்த கிராமங்களிலும் பாய் நிற்கவில்லை, ஏனென்றால் படுக்க வேண்டுமே. விற்க ஏதாவது வேண்டும் என்ற நிலை வந்தபோது கையில் இருந்தது அதுதான்.

தாப்பாச் சாலைக் கடை ஒன்றில் ஒரு செமாய் அம்மா ஓலை வகிர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெங்குவாங் ஓலையில் இரண்டு ஓரமும் முள், நடு நரம்பின் அடியிலும் முள். மூன்று வரிசையையும் முதலில் கத்தியால் சீவி எறிந்தார். ஜங்கா என்று ஒரு சிறு மரச்சீப்பு வைத்திருந்தார். பல்லுக்குப் பதில் சம இடைவெளியில் கூரான தகடுகள். அதை ஓலையின் தலைமாட்டில் குத்தி ஒரே இழுப்பாக இழுத்தால், ஆறேழு நாடா ஒரே அகலத்தில் விழுகிறது. ஒவ்வொரு நாடாவையும் மூங்கில் துண்டால் அழுத்தி வழித்து நெகிழவைத்தார். அப்புறம் தண்ணீரில் ஊறப் போட வேண்டும், வேகவைக்க வேண்டும், வெயிலில் வெளுக்கவிட வேண்டும், சாயம் ஏற்ற வேண்டும். சாயம் கடைச் சாயம்தான், பொட்டலத்தில் வருவது. இத்தனையும் ஆன பிறகுதான் முடைய ஆரம்பிப்பது. "காக், ஒரு பைக்கு எத்தனை நாள்?" என்று கேட்டேன். "முடைய ஒரு நாள். அதற்கு முன்னாடி எத்தனை நாள் என்று எவரும் கேட்பதில்லை" என்றார் சிரித்துக்கொண்டே. அதே நேரம் காரிலிருந்து இறங்கிய ஒருவர், நம்மவர்தான், பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஐந்து வெள்ளி குறைக்கச் சொன்னார்.

கைவினையால் பழங்குடிப் பெண்ணின் வாழ்க்கை உயர்கிறது என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவது சுலபம். உயர்வது எவ்வளவு என்பது இந்த ஐந்து வெள்ளியில் இருக்கிறது. சாலையோரத்தில் வாங்கி நகரத்துக் கடையில் ஏற்றி விற்கிறவருக்குக் கிடைப்பது ஒரு பங்கு, ஓலைக்குச் சதுப்பில் இறங்கியவருக்கு இன்னொரு பங்கு. எது பெரிது என்று சொல்லத் தேவையில்லை. அரசுத் துறைகள் பயிற்சி கொடுத்தன, தையல் இயந்திரம் கொடுத்தன. நம் தோட்டப் பெண்களுக்கும் தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது இதே தையல் இயந்திரம்தான் வந்தது. கற்றுக்கொடுப்பதற்கு ஆள் உண்டு, வாங்குவதற்குத்தான் இல்லை என்ற குறை இரண்டு பக்கமும் ஒன்று.

அந்த இடத்தில் வேறு மாதிரி யோசித்தவர்கள் கெராய் ஓஏ என்ற தன்னார்வலர் குழுவினர். ரெய்த்தா ரஹிம் என்ற வடிவமைப்பாளர் தொடங்கியது. சொந்தக் கடை கிடையாது. கோலாலம்பூர்ச் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் மேசை போட்டு, தீபகற்பத்திலும் சபா, சரவாக்கிலும் உள்ள பூர்வகுடிகளின் பொருளை விற்று, விற்ற காசு முழுவதையும் செய்தவர் கைக்கே சேர்த்துவிடுகிறார்கள். இடையில் எடுப்பது ஒன்றுமில்லை. சிலாங்கூரின் கேரித் தீவில் மா மெரி பெண்களுக்குத் தொம்போக் தொப்போ என்று ஒரு முடைவுக் குழு உண்டு. பழைய முடைவு வகைகளைப் பாட்டிமார்களிடம் கேட்டுப் பதிந்து வைத்து, அவற்றையே பையாகவும் பேழையாகவும் விற்கிறார்கள். கேரித் தீவு முக்கால்வாசி செம்பனைத் தோட்டம், நம் சனமும் அங்கே தலைமுறையாக இருக்கிறது. மா மெரி ஆண்கள் செதுக்கும் மர முகமூடியைச் சேகரிப்பவர்கள் வெகுகாலமாகக் கொண்டாடினார்கள். பெண்கள் முடைந்தது வீட்டுச் சாமான் என்று கிடந்தது. அதைக் கலையென்று பார்க்க ஒரு தலைமுறை தாமதமானது.

பேராக்கிலேயே இதற்கு நேரெதிரான இன்னொரு கதை உண்டு. கோலகங்சார் அரண்மனையை ஒட்டி வளர்ந்த தெக்காட், வெல்வெட்டில் அட்டை வடிவத்தின் மேல் பொன்னூல் போர்த்தும் வேலை. அதுவும் பெண்கள் கைதான். ஆனால் அதற்குச் சுல்தானும் கல்யாணமும் இருந்ததால் வாங்குகிறவர் குறையவில்லை. மரவுரிக்கு அரண்மனை இல்லை.

அரண்மனை இல்லாமலே பிழைத்த கைவேலையும் உண்டு. நீலகிரித் தோடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கும் மக்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு வரையாமல், இழையை எண்ணி எண்ணித் தோடப் பெண்கள் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பின் அதைச் சால்வையாக, பையாக ஊர் ஊராக விற்கிறார்கள். குறியீடு உதவியதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை பிழைத்திருப்பதற்குக் காரணம் குறியீடு மட்டுமில்லை. அந்தப் போர்வையை இன்றும் தோடர்கள் சடங்குக்குப் போர்த்துகிறார்கள், இறந்தவருக்கும் போர்த்துகிறார்கள். வாங்க ஆள் வராவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று வேண்டும். பேராக் தெமியாரிடம் அப்படி மிஞ்சியிருப்பது சேவாங் ஆட்டத்துக்குத் தலையில் சூடும் ஓலைக் கிரீடம். மரவுரி பெரும்பாலும் ஆட்டத்துக்கும் விருந்தாளிக்கும் காட்டுவதற்கு ஒரு துண்டாகச் சுருங்கிவிட்டது.

அதை மீட்டு விற்கலாமே என்று கேட்பவர்கள் உகாண்டாவைக் காட்டுவார்கள். அங்கே முத்துபா என்ற அத்தி இனத்து மரத்திலிருந்து மரவுரி எடுக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் அரும்பாரம்பரியம் என்று அறிவித்தது. முத்துபாவுக்கு ஒரு வரம்: பட்டையை உரித்த இடத்தில் வாழையிலையைச் சுற்றிவிட்டால் புதுப்பட்டை வளரும், மறுபடியும் உரிக்கலாம். வீட்டுக்கொல்லை மரமே போதும். ஈப்போவையும் தெராப்பையும் இங்கே வெட்டித்தான் உரித்தார்கள். அதனால் மரவுரி வேண்டும் என்றால் காடு வேண்டும், காட்டுக்குள் போகிற உரிமையும் வேண்டும். மெங்குவாங் பைக்குமே சதுப்பும் ஓடையும் மிஞ்ச வேண்டும். வாய்க்கால் ஓரம் களைக்கொல்லி அடிக்கும் தோட்டத்தில் ஓலை எங்கே கிடைக்கும்?

நிலத்தின் வழக்கு நீதிமன்றத்தில் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 1997-ல் ஜொகூரில் அணைக்காகக் காட்டை இழந்த ஜக்குன் மக்களின் வழக்கில், அந்தக் காட்டில் தேடிப் பிழைத்த பிழைப்புக்கே விலை உண்டு என்று உயர்நீதிமன்றம் ஏற்று, 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் நஷ்டஈடு விதித்தது. 2002-ல் சிலாங்கூரில் சாகோங் தாசி வழக்கிலும் மரபு நிலத்தின் உரிமை நின்றது. ஆனாலும் 2019-ல் கெரிக் பக்கம் கம்போங் சுனெக்ஸ் தெமியார்கள் மரம் வெட்டும் வண்டிகளை மறித்து நடுவழியில் தட்டி போட்டு உட்கார வேண்டியிருந்தது.

தீபகற்பத்தில் பூர்வகுடிகள் 2 லட்சத்தைச் சற்றே தாண்டுவார்கள், பகாங்குக்கு அடுத்தபடி பேராக்கில்தான் அதிகம். அவர்களுடைய கிராமங்களுக்கு உதவி என்று வருவது வழக்கமாக ரப்பர் கன்றும் செம்பனைக் கன்றும்தான். அந்தக் கன்றுகளோடு சேர்த்து நூறு தெராப், நூறு ஈப்போ, ஓடை ஓரத்துக்கு மெங்குவாங் என்று கொடுப்பதற்குப் பெரிய பணம் செலவாகாது. எந்த மரத்தை எந்த வயதில் வெட்டலாம், எந்த ஓலை பைக்கு, எது பாய்க்கு என்பது செமாய்க் கிழவிகளுக்குத் தெரியும். ஈப்போ நாற்று உரிக்கிற பருவத்துக்கு வரச் சில வருஷம் பிடிக்கும். கிழவிகளுக்கு அத்தனை வருஷம் கையில் இல்லை, அதனால் நடுவதை இந்த மழையிலேயே தொடங்க வேண்டும்.